நாற்பதிற் கிடைத்த பெயர்

கல்முனைப் பெருந்தெருவை விட்டு மேற்கே வயல்வெளியை நோக்கித் திரும்பினால் நற்பிட்டிமுனை எதிர்ப்படும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்துக் குடியிருக்கும் பழைய ஊர். வேலிக்கு இப்பாற் பேசுவது அப்பாற் கேட்குமளவுக்கு வீடுகள் நெருங்கியிருக்கும். இத்தகைய ஊர்களில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வாய்ப்பது எளிது. வாய்த்த பின் அதனை உதறுவது அரிது. பள்ளிக்கூட வாங்கில் எவனோ ஒரு சிறுவன் விளையாட்டாகச் சூட்டிய பெயர், சூட்டப்பெற்றவர் பேரப்பிள்ளை கண்ட பின்னும் நிலைத்து நிற்பதுண்டு.

இவ்வூரில் வாழும் ஒருவரை நேயர்கள் எண்ணிப் பார்க்க. அவர் இன்னார் என்று சுட்டத்தக்கவர் அல்லர். பலருடைய வாழ்க்கையிற் பொதுவாகக் காணப்படும் செய்திகளைக் கொண்டு ஆக்கப்பட்டவர். வயது 40. அரிசி ஆலையொன்றிற் கணக்கெழுதுகின்றார். கணக்கிற் பிழை வராது. ஆலைக்கு அவர் போகும் வழி என்றும் ஒன்றே. அத்தெருவை வெட்டிப் போட்டிருந்தால் அன்றைய நாள் முழுவதும் அவருக்குக் குழம்பிவிடும். கலியாண வீட்டில் ஒலிபெருக்கி தொடங்கியதும் சொல்லாமற் கொள்ளாமல் எழுந்து போய்விடுவார். எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். தராசு, மூடை, ஈரப்பதம் என்று பேசத் தொடங்கினால் நிறுத்தவும் மாட்டார். “ஒருநாள் வீட்டுப் பக்கம் வாங்களேன்” என்று உபசாரத்துக்குச் சொன்னவரின் வாசலில் மறுநாட் காலையிலேயே போய் நின்றவர். ஊர் அவரைச் சிறு பிராயத்தில் ‘மொக்கு’ என்றது; வாலிபத்தில் ‘திமிர் பிடித்தவன்’ என்றது; இப்போது வயதை மதித்து ‘ஒரு மாதிரியான ஆள்’ என்கின்றது.

அவருடைய மகனுக்கு வயது 3. இன்னும் பேச்சு வரவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கின்றார்கள். பெயர் சொல்லி அழைத்தாற் பிள்ளை திரும்புகின்றானா, வேண்டியதை விரலாற் சுட்டிக் காட்டுகின்றானா, விளையாட்டுச் சாமான்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கின்றானா என்று வைத்தியர் ஒவ்வொன்றாய்க் கேட்கின்றார். கூட வந்த வாப்பும்மாவுக்குப் பொறுமை எல்லை கடக்கின்றது. “இவன்ட வாப்பாவும் சின்ன வயசில இப்படித்தான் டொக்டர். நாலு வயசு மட்டும் பேசல்ல. இப்ப என்ன குறை?” என்கின்றார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று நாட்டுவதற்காகவே அவர் அதைச் சொன்னார். வைத்தியரோ அதைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தகப்பனை நிமிர்ந்து பார்க்கின்றார்.

உலகின் பல பாகங்களிலும் வளர்ந்தவர்கள் தம்மைப் பற்றிய இவ்வுண்மையை அறிவது பல வேளைகளில் இந்த வழியாகத்தான். பிள்ளைக்காகப் போனவர் தம்மைக் கண்டு திரும்புகின்றார். அவுஸ்திரேலியச் சமூகவியலாளரான யூடி சிங்கர், தம் மகளிடம் கண்டதைத் தம் தாயிடமும் தம்மிடமும் கண்டவர். மூளைகள் பலவகைப்படும் என்னும் கருத்தை விளக்கி அவர் 1998 ஆம் ஆண்டில் எழுதியவற்றுக்கு அக்குடும்ப அனுபவமே வித்து.

கண்டறியப்பட்டதன் பெயர் ஓட்டிசம். ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து சுவிற்சர்லாந்து வைத்தியர் ஒயிகன் புளொய்லர் ஆக்கிய சொல் அது. வேறொரு மனநோயில் நோயாளி தன்னுள்ளே ஒடுங்கிவிடும் நிலையைக் குறிக்கவே அவர் அதனை வழங்கினார். தமிழில் ‘மதியிறுக்கம்’ என்று ஒரு சொல் வழங்குகின்றது. வேறு சிலவும் உள. ஆலைக் கணக்கரின் மதி எங்கே இறுகியிருக்கின்றது என்று கேட்டால் விடை கூறுவது கடினம். ஊரார் பெயரிட்டதிலும் கலைச்சொல் ஆக்கியோர் பெயரிட்டது பெரிதும் இரக்கமுள்ளதென்று கூறிவிட முடியாது. ஆகவே இங்கு ஓட்டிசம் என்றே கொள்ளப்படுகின்றது.

மொஸ்கோவில் குரூனியா சுக்காரெவா என்னும் பெண் வைத்தியர் ஆறு சிறுவர்களைப் பற்றி 1920களின் நடுவில் எழுதியிருந்தும், உலகம் அதனைக் கவனிக்கவில்லை. அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து வைத்தியர் லியோ கனர், 1943 ஆம் ஆண்டில் 11 பிள்ளைகளின் வரலாற்றை வெளியிட்டதிலிருந்தே இவ்வியல்பு தனியொன்றாக அறியப்பட்டது. ஆயினும் அது மிக அரிதான, குழந்தைகளுக்கே உரிய ஒன்றென்று நெடுங்காலம் எண்ணினர். குழந்தை வளரும் என்பதை எவ்வாறோ மறந்துவிட்டனர் போலும்! இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் இலண்டனில் வாழ்ந்த லோர்னா விங். அவரும் ஒரு மனநோய் வைத்தியர். ஓட்டிசம் உடைய மகளைப் பெற்ற தாய். பேச்சும் கல்வியும் உடையோரிடத்தும், வளர்ந்தோரிடத்தும் இவ்வியல்பு இருப்பதை 1981 ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021 ஆம் ஆண்டில் 127 பேருக்கு ஒருவர் இவ்வியல்புடையவர். இலங்கையிலே பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் அவருடன் சேர்ந்தோரும் நகரை அண்டிய ஒரு பகுதியிற் பச்சிளம் பிள்ளைகளை ஆராய்ந்து, 93 பேருக்கு ஒருவர் என்னும் கணக்கை 2009 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆராயப்பட்ட பிள்ளைகளின் தொகை சிறிதாதலின் அக்கணக்கை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது; எனினும் இது பிறநாட்டார்க்கு மட்டும் உரியதென்ற எண்ணத்தை அது போக்கிற்று.

ஆலைக் கணக்கர் பள்ளிக்கூடம் சென்றது 1990களில். கிழக்குக் கரையில் அன்று ஓர் ஆசிரியர், பேசாத மாணவனைப் பார்த்து எதனை நினைத்திருப்பார்? 1990 ஆம் ஆண்டின் படுகொலைகளையும், இடப்பெயர்வையும், இரவு வெடியோசையையும் நினைத்திருப்பார். பின்னர் 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் மிகுந்த உயிர்ச்சேதம் கண்டது அம்பாறை மாவட்டமே. அதன்பிறகு யார் ஒதுங்கியிருந்தாலும், யார் ஓசைக்கு நடுங்கினாலும், காரணம் கேட்பாரற்றுப் போயிற்று. எல்லாருக்கும் ஒரே காரணம் கைவசம் இருந்தது. வளர்ந்தவரை ஆராயும் வைத்தியருக்கு இக்கரையில் உள்ள தனிச் சங்கடம் இதுவே. அச்சத்தால் வந்த ஒடுக்கத்தையும் பிறவியிலிருந்தே உள்ள இயல்பையும் அவர் பிரித்தறிதல் வேண்டும். இரண்டும் ஒருவரிடமே இருத்தலும் கூடும்.

பிரித்தறிவது எவ்வாறு? ஓட்டிசம் இரத்தத்தைச் சோதித்தோ மூளையைப் படம் பிடித்தோ அறியத்தக்கதன்று. பிறரோடு உறவாடும் முறையிலே வேறுபாடு, ஒன்றையே திரும்பத் திரும்ப நாடும் பழக்கம், ஓசை, ஒளி, தொடுகை முதலியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை இளமை தொட்டே இருந்தனவா என்பதே கேள்வி. வினாத்தாள்களும் உள. கேம்பிரிட்ஜில் 2001 ஆம் ஆண்டில் ஆக்கப்பெற்ற 50 வினாக்களைக் கொண்ட தாள் பலராலும் எடுத்தாளப்படுவது. ஆனால் நாடகசாலைக்குச் செல்ல விருப்பமா, நூதனசாலைக்குச் செல்ல விருப்பமா என்ற போக்கிலே அது கேட்கின்றது. நற்பிட்டிமுனைக் கணக்கர் இரண்டுக்கும் போனதில்லை. பெரியோரின் கண்ணை நேரே நோக்கிப் பேசுவது மரியாதைக் குறைவென்று கற்பிக்கப்பட்ட ஊரில், முகம் பார்த்துப் பேசுகின்றாரா என்ற வினாவும் அளந்தே பயன்படுத்தற்குரியது. ஆகவே எந்தத் தாளினும் மேலான சான்று தாயின் நினைவே. பிள்ளை தூக்கினால் உடலை ஒட்டி அணைந்ததா, எத்தனை வயதிற் பேசிற்று, எந்தச் சோற்றை மறுத்தது, எந்தச் சீலையை விடாது பிடித்துக்கொண்டிருந்தது என்பவற்றை அறிந்தவர் அவர் ஒருவரே. அலைக்கு முந்தியும் அவன் இப்படியா, அலைக்குப் பிந்தியா என்று சொல்லத்தக்கவரும் அவரே.

அந்தத் தாய் அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. அன்பற்ற தாயினாற் பிள்ளை இவ்வாறாகின்றதென்று மேலைநாட்டு அறிஞர் சிலர் ஒருகாலத்திற் பழி சுமத்தினர். ஓட்டிசம் உடைய மகனின் தந்தையாகிய உளநூலறிஞர் பேணாட் றிம்லண்ட் 1964 ஆம் ஆண்டில் நூலெழுதி அதனை எதிர்த்தார். 1977 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்த முடிபு, மரபுவழியின் பங்கு பெரிதென்று காட்டிற்று. மேலைநாட்டிற் பழி தாயின் மனத்தின்மேல் விழுந்தது. இங்கே கர்ப்பகாலத்தில் அவள் எங்கே போனாள், எதைக் கண்டு பயந்தாள் என்பதன்மேல் விழுகின்றது. நூல் கட்டியும் தண்ணீர் ஓதிக் கொடுத்தும் பார்த்த அத்தாய், தன்மேற் குற்றம் இல்லையென்று ஒருவர் சொல்ல 40 ஆண்டு காத்திருந்தவர்.

இனி, பெயர் கிடைத்தவரின் நிலை யாது? மருந்து ஒன்றும் இல்லை. தூக்கமின்மைக்கோ மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்து உண்டு. அவை இத்தகையோரிடம் மிகுதியாகக் காணப்படுவன ஆதலால் அவற்றைக் கவனியாது விடுதல் ஆபத்து. ஓட்டிசத்தை மாற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் எதனையும் வாங்கவேண்டியதில்லை. ஆக, வைத்தியசாலைக்குச் சென்றபோது இருந்தவரே திரும்பி வருகின்றார். மாறுவது அவருடைய பழைய நாட்களின் கணக்கு.

ஸ்கொத்லாந்துப் பாடகி சூசன் பொயிலின் செய்தி இதனை விளக்கும். 2009 ஆம் ஆண்டிற் தொலைக்காட்சிப் போட்டியொன்றிற் பாடி ஒரே இரவில் உலகப்புகழ் எய்தியவர். பிறப்பின்போது மூளை பழுதுற்றதென்று குழந்தைப் பருவத்திலேயே அவரைப் பற்றி முடிவு கட்டியிருந்தனர். பள்ளியிற் கேலிக்கு ஆளானார். ஐம்பதைக் கடந்தபின்னரே அது பழுதன்று, ஓட்டிசத்தின் ஒருவகை என்று அறிந்து, 2013 இல் அதனை வெளிப்படுத்தினார். அறிந்தது தமக்கு ஆறுதல் என்றார். புதிய பெயர் அவர் தலையிற் சுமையாக ஏறவில்லை; முன்னரே ஏற்றப்பட்டிருந்த பொய்ப் பெயரை இறக்கிற்று. ஆலைக் கணக்கரும் அவ்வாறே ‘மொக்கு’ என்பதையும் ‘திமிர்’ என்பதையும் இறக்கி வைக்கத் தொடங்குவார்.

ஆறுதலோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அதன் பின்னே கோபம் வரும். ஏன் எவரும் முன்னரே சொல்லவில்லை என்ற கோபம். அடித்த ஆசிரியரின்மேலும், அதட்டிய வாப்பாவின்மேலும் கோபம். வாப்பா மண்ணுக்குப் போய்ப் பத்தாண்டு ஆகியிருந்தால் அக்கோபத்துக்குப் போக்கிடம் இல்லை. துக்கமும் வரும். படித்திருக்கலாம், அந்த நண்பனை இழந்திருக்க வேண்டியதில்லை என்று இரவிரவாகக் கணக்குப் பார்ப்பார். மற்றொன்றும் உண்டு. பிறரைப் பார்த்துப் பார்த்து, எங்கே சிரிப்பது, எப்போது தலையசைப்பது என்று மனப்பாடம் செய்து நடித்தே நாற்பது வருடம் வாழ்ந்தவருக்கு, நடிப்பு எங்கே முடிகின்றது, தாம் எங்கே தொடங்குகின்றார் என்பது தெரியாமற் போகும். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும் அந்தக் களைப்புக்குக் காரணம் ஆலை வேலையன்று, அந்த நடிப்பே என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கும்.

கதவைச் சாத்துவதென்றால் யாருடைய கதவை? அதுவும் இக்கரையிற் கேட்கத்தக்க கேள்வி. கிழக்குக் கரையின் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வீடு பெண்ணுக்கே சீதனமாகும். மணமுடித்த ஆண்மகன் தாய்வீட்டை விட்டு மனைவியின் வீட்டுக்குச் செல்கின்றான். எந்த மனிதனுக்கும் அது பெரிய மாற்றம். ஒரே வழி, ஒரே நேரம், ஒரே தட்டு என்று வாழ்ந்தவருக்கோ, தெரிந்த சுவர்கள் அனைத்தையும் ஒரே நாளில் இழந்து, மாமியும் மாமாவும் மச்சினன்மாரும் மதினிமாரும் வந்துபோகும் முற்றத்தில் இருத்தப்படுவதற்கு ஒப்பானது. அவர் அறையை விட்டு வெளியே வராதது மாமனார் வீட்டை மதியாமை என்று எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கும். மனைவியானவள் இரண்டு பக்கத்துக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருப்பாள். கணவன் தன்மேல் அன்பில்லாதவர் என்று அவள் பல வருடம் உள்ளூர நம்பியிருக்கவுங் கூடும். பெயர் கிடைத்தது அவளுக்கும் ஒரு செய்தி. ‘கோபித்திருக்கிறாரா?’ என்று அவள் ஊகித்ததும், ‘சொன்னால்தானே தெரியும்?’ என்று அவர் திகைத்ததும் வேறுவேறு மொழியிற் பேசிய இருவரின் வழக்கு என்று இப்போது தெரிகின்றது. இங்கிலாந்தில் ஓட்டிசம் உடைய அறிஞர் டேமியன் மில்ற்றன் 2012 ஆம் ஆண்டில் எழுதியதும் இதுவே: விளங்கிக்கொள்ளாமை ஒரு பக்கத்துக் குறையன்று, இரு பக்கத்திலும் உள்ளது.

பெண்களின் நிலை வேறு. மணமான பின்னும் அவள் தாயின் அருகிலேயே, தெரிந்த வளவிலேயே இருக்கின்றாள். கடைக்குப் போவதும் அயலாரோடு பேசுவதும் தாயும் ராத்தாவும் செய்து கொடுத்துவிடுவார்கள். அடக்கமான பிள்ளை என்று ஊர் அவளைப் புகழும். அந்தப் புகழ்ச்சிக்குள்ளே அவள் மறைந்தே போவாள். உலகெங்கும் பெண்கள் ஆண்களை விடப் பிந்தியே கண்டறியப்படுகின்றனர். இங்கே, தாய் கண் மூடிய பிறகுதான் ஒருத்திக்கு உலகம் திடீரென்று இடிந்து விழும்.

ஊர் என்ன செய்யும் என்பதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. கனர் எழுதிய 11 பிள்ளைகளுள் முதலாமவர் டொனால்ட் திரிப்லெற். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் போரெஸ்ற் என்னும் சிற்றூரில் 1933 ஆம் ஆண்டிற் பிறந்தவர். மூன்று வயதில் வைத்தியர் சொற்கேட்டு அவரை ஒரு விடுதியிற் சேர்த்த பெற்றோர், ஓராண்டளவில் மனம் பொறாது மீட்டனர். பின்னர் சில ஆண்டுகள் ஒரு கமக்காரத் தம்பதியின் வீட்டில் அவர் வளர்ந்தார். பையனோ எண்களும் அளவுகளுமே உயிர் என்று இருந்தான். அக்கமக்காரர் அவனை அதட்டவில்லை; கிணறு தோண்டும்போது ஆழத்தை அளக்கும் பொறுப்பை அவனிடம் விட்டார். சோளத்தின் வரிசைகளை எண்ணிக்கொண்டே இருந்தவனிடம் ஏரைக் கொடுத்து, எண்ணிக்கொண்டே உழவிட்டார். உளநூல் எதனையும் அவர் கற்றதாகத் தெரியவில்லை. நெற்காணியில் வரம்பு கட்டத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய காரியம் அது.

திரிப்லெற் கல்லூரியில் 1958 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்று, சொந்த ஊர் வங்கியில் வேலைக்கமர்ந்து, ஏறக்குறைய 65 ஆண்டு அதிலே கழித்தார். மணமுடிக்கவில்லை. தனியே பல நாடுகளுக்குப் பயணம் போனார். நாள்தோறும் கொல்ஃப் ஆடினார். கண்டவர்க்கெல்லாம் ஓர் எண்ணைப் பெயராக இட்டார். ஊரார் அவ்வெண்ணை மகிழ்ச்சியோடு ஏற்றனர். 2023 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், 89 ஆவது வயதிற் காலமானார். இதனைக் கேட்டு மயங்கவும் வேண்டாம்: அந்த வங்கியில் அவர் குடும்பத்துக்கு உரிமை இருந்தது. வங்கி உடைய வீட்டில் பிறக்காத பிள்ளைகளின் கதை வேறு. அந்த 11 பேரின் பிற்கால நிலையைக் கனர் 1971 ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, பெரிய நிலையங்களில் அடைக்கப்பட்டோர் இருந்த திறமையையும் இழந்து வாடியதைக் கண்டார்.

இலங்கையில் உடைமை இல்லாதவர்க்குச் சட்டம் எவ்வளவு துணை செய்யும்? 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோரை அக்காரணம் பற்றி வேலையிலோ கல்விக்கூடத்திலோ ஒதுக்கலாகாது என்கின்றது. ஆனால் வாழ்வின் தேவைகளை முழுதுமோ பகுதியோ தாமே நிறைவேற்ற இயலாதவர் என்று அது வலுவிழந்தோருக்கு இலக்கணம் வகுக்கின்றது. மாதச் சம்பளம் வாங்கி வீடு நடத்தும் கணக்கர் இவ்விலக்கணத்துள் அடங்குவாரா என்று வழக்கறிஞர் வாதிடலாம். 2016 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைப் போல அது ஓட்டிசத்தைப் பெயர் சுட்டிக் கூறவுமில்லை. ஆகவே அவர் நாட வேண்டியது முதலில் ஆலை முதலாளியின் பெருந்தன்மையை. அங்கும் ஒரு சிக்கல். சொன்னால், ‘விசர்’ என்ற பெயர் ஆலை வாசலுக்கு முன்னே தங்கையின் கலியாணப் பேச்சுக்குப் போய்ச் சேரும். சொல்லாவிட்டால், நெல் அரைக்கும் இயந்திரத்தின் பக்கத்திலிருந்து மேசையைப் பின்னறைக்கு மாற்றித் தரும்படி கேட்பதற்குக் காரணம் இராது. பெயரைச் சொல்லாமலே தேவையை மட்டும் சொல்லுதல் பலர் கண்ட நடுவழி: “இரைச்சலில் எனக்குக் கணக்குப் பிழைக்கும், முதலாளி; பின்னறையில் இருக்கட்டுமா?” கணக்குப் பிழைக்கும் என்றால் மறுக்கும் முதலாளி இல்லை.

வீட்டில் மாற்றப்படுவனவும் இவ்வாறு சிறியனவே. விருந்தினர் வருவதை முதல்நாளே சொல்லிவிடுதல். கலியாண வீட்டுக்கு ஒலிபெருக்கி தொடங்குமுன் போய், சாப்பிட்டுத் திரும்புதல். மழைக்காலத்தில் கிட்டங்கி வீதியை வெள்ளம் மூடும் நாட்களுக்கென்று வேறொரு வழியை வெயிற் காலத்திலேயே நடந்து பழகிக்கொள்ளுதல். மனைவி குறிப்பாற் சொன்னதை வாய்திறந்து சொல்லுதல். அவர் ‘இப்போது பேச முடியாது’ என்று ஒரு சொல்லிற் கூறிவிட்டு எழுந்து போவதை மச்சினன்மார் அவமதிப்பாகக் கொள்ளாதிருத்தல்.

மகனுடைய காரியம் ஒன்று மட்டும் காத்திராது. பிள்ளை பாலர் பாடசாலைக்குப் போகும் நாள் வரும். ஆசிரியைக்கு எழுதிக் கொடுக்க வைத்தியர் சில குறிப்புகளைத் தந்திருப்பார். வைத்தியருக்குத் தெரியாத சில தகப்பனுக்குத் தெரியும். முதல்நாள் அவர் மகனை அழைத்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகள் வருமுன்னரே போகின்றார். வகுப்பறையை ஒருமுறை சுற்றி வருகின்றார். மணி தொங்கும் தூணுக்கு அண்மையிலிருந்த சிறு கதிரையைத் தூக்கி, யன்னலோரத்தில், சுவரைப் பின்னே வைத்து இருக்கும்படி மாற்றிப் போடுகின்றார். மகன் அதிலே ஏறி உட்கார்ந்துகொள்கின்றான்.